ஆங்கிலேயக் கிராமத்தில் பொழுது எப்படிப் போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட்டில், மென்டிப் மலைச்சரிவை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் எட்டு வருடமாக இருக்கிறோம். ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு ஊர்க்கூடம். கடை கிடையாது. வீட்டுக்காரருக்குப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததால் வந்தோம். லண்டன், லெஸ்டர் பக்கத்து நண்பர்களும், இந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்களும், லீவுக்கு வந்து போகும் சொந்தக்காரர்களும் கேட்டதையே கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஊரில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஊர் மாத இதழ். பெரும்பாலும் ஏ5 அளவில், நடுவில் இரண்டு பின் அடித்து, யாராவது ஒருவர் வீடு வீடாகக் கொண்டுவந்து கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போவார். பல ஊர்களில் இதைத் தேவாலயம் நடத்துகிறது, சில ஊர்களில் பாரிஷ் கவுன்சில், அதாவது ஊர் அளவிலான உள்ளாட்சி மன்றம். பாதிரியாரின் கடிதம், வழிபாட்டு நேரங்கள், தோட்டக் குறிப்பு, காணாமல்போன பூனை, கவுன்சில் கூட்டத்தில் பேசியது, அப்புறம் விளம்பரங்கள். அந்த விளம்பரங்களை அசட்டையாகப் புரட்டிவிடாதீர்கள். புகைபோக்கி சுத்தம் செய்பவர், செப்டிக் டேங்க் எடுப்பவர், புல்வெட்டும் மெஷின் ரிப்பேர் செய்பவர் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். கூகுளில் தேடினால் நாற்பது மைல் தள்ளி ஒருவரைக் காட்டும்.

இரண்டாவது, பஸ் ஸ்டாப் பக்கம் கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டு. கவுன்சில் கூட்டம் என்றால் மூன்று முழு நாட்களுக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும் என்பது சட்டம், அதனால் அது கட்டாயம் ஒட்டியிருக்கும். மூன்றாவது ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்கள். அங்கே வருவதில் பாதி, யார் நாய் எங்கே அசிங்கம் செய்தது என்ற விசாரணை.

எட்டு வருடம் இந்த இதழைப் படித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். செய்தி மாதிரித் தெரிவதில் முக்கால்வாசி, ஆள் கேட்டு எழுதியது. ‘கணக்குப் பார்த்தவர் பதினோரு வருடத்துக்குப் பிறகு ஓய்வு பெறுகிறார்’ என்றால் அடுத்து யார் என்று கேட்கிறார்கள். ‘கோடை விழா நடக்குமா என்பது சந்தேகம்’ என்றால் கொட்டகை போட ஆள் இல்லை.

பாரிஷ் கவுன்சில் என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியா?

பெயரளவில்தான். 1894இல் வந்த உள்ளாட்சிச் சட்டம், தேவாலயத்தின் கையில் இருந்த ஊர் நிர்வாகத்தைப் பிரித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்களிடம் கொடுத்தது. இன்று இங்கிலாந்தில் சுமார் 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில்கள் உண்டு. உட்காரும் பெஞ்சு, விளையாட்டுத் திடல், புல்வெட்டு, பஸ் நிழற்குடை, சில இடங்களில் இடுகாடு, தெருவிளக்கு இவையே அவர்கள் பொறுப்பு. நாம் கட்டும் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரியில் ஒரு சிறு தொகை இதற்காகச் சேர்க்கப்படுகிறது. ரோட்டுப் பள்ளம் அவர்கள் கையில் இல்லை, ஆனால் திட்டு மட்டும் அவர்களுக்குத்தான். வீடு கட்ட அனுமதி கொடுப்பதும் அவர்கள் இல்லை; கருத்து சொல்லலாம், முடிவெடுப்பது மேலே உள்ள கவுன்சில்.

உறுப்பினர்களுக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்குபவர் கிளார்க் ஒருவர்தான், அதுவும் பெரும்பாலும் பகுதிநேரம். நிற்க ஆள் கிடைக்காமல் தேர்தலே நடக்காத ஊர்கள் நிறைய. காலியிடத்துக்கு யாரையாவது கேட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். கூட்டம் பெரும்பாலும் தூக்கம் வரவழைக்கும். விதிவிலக்கும் உண்டு: செஷயரில் உள்ள ஹேண்ட்ஃபோர்த் கவுன்சில் 2020 டிசம்பரில் ஜூமில் கூடிச் சண்டை போட்டுக்கொண்ட வீடியோ சில வாரம் கழித்து உலகம் முழுக்கச் சுற்றியது. கூட்டத்தை நடத்தித்தர வந்திருந்த ஜாக்கி வீவர், ‘உங்களுக்கு இங்கே அதிகாரமில்லை’ என்று கத்திய தலைவரையே வெளியேற்றினார்.

நாம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறோமே, ஓட்டுப் போடலாமா?

போடலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். இது தெரியாமல் வருடக்கணக்கில் சும்மா இருந்தவர்களில் நானும் ஒருத்தி. நிரந்தர வசிப்புரிமை இருந்தால் உறுப்பினராகவே நிற்கலாம். அதற்கு ஊரிலோ ஊரிலிருந்து மூன்று மைலுக்குள்ளோ ஒரு வருடம் குடியிருந்திருந்தால் போதும்.

ஊர்க்கூடத்தில் என்ன நடக்கும்?

எல்லாமே. திங்கள் காலை கைக்குழந்தைகளும் அம்மாக்களும், செவ்வாய் யோகா, புதன் மதியம் பாய்விரித்து விளையாடும் பந்துருட்டு, வெள்ளி இரவு சினிமா, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. இங்கிலாந்தில் ஏறக்குறைய 10,000 ஊர்க்கூடங்கள் இருக்கின்றன. பல, முதல் உலகப்போரில் இறந்தவர்கள் நினைவாக எழுப்பியவை. போருக்குப் பின் ராணுவம் விற்ற மரக்கொட்டகையை வாங்கி நிறுத்திய ஊர்களும் உண்டு. அரசாங்கக் கட்டடம் என்று நினைக்காதீர்கள். பொதுவாக ஓர் அறக்கட்டளை, ஊர்க்காரர்களே அறங்காவலர்கள். கூரை ஒழுகினால் அவர்கள்தான் ராஃபிள் என்கிற பரிசுச் சீட்டு விற்றுப் பணம் சேர்க்க வேண்டும். குழந்தை பிறந்தநாளுக்கு டவுன் ஹோட்டலைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் நாற்காலி அடுக்கி, தரை பெருக்கி, குப்பையை வீட்டுக்கு எடுத்துப்போவது உங்கள் வேலை.

டபிள்யூ.ஐ. என்கிறார்களே, அது என்ன?

விமென்ஸ் இன்ஸ்டிடியூட், பெண்கள் சங்கம். 1897இல் கனடாவின் ஒன்டாரியோவில், ஸ்டோனி கிரீக் என்ற இடத்தில் தொடங்கியது. பிரிட்டனில் முதல் கிளை 1915இல் வேல்ஸில் உள்ள ஹ்லான்வைர்ப்பூல். போர்க்காலத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்கப் பெண்களை ஒன்றுசேர்ப்பது நோக்கம். ஜாம் செய்வதற்குப் பெயர் வாங்கியது இரண்டாம் போரில். வீணாகப்போகும் பழத்தை ஜாமாக்க அரசாங்கமே சர்க்கரை ஒதுக்கியது.

பாட்டிகள் கூட்டம் என்று நானும் முதலில் நினைத்தேன். 2000இல் பிரதமர் டோனி பிளேர் இவர்கள் மாநாட்டில் அரசியல் பேசப்போக, மெதுவாகக் கைதட்டியே அவரை வாயடைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் யார்க்ஷயரின் ரில்ஸ்டோன் கிளைப் பெண்கள், கேக்கையும் பூந்தொட்டியையும் முன்னால் வைத்துக்கொண்டு ஆடையில்லாமல் காலண்டருக்கு நின்று ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினார்கள். எங்கள் கிளையில் அப்படியெல்லாம் இல்லை. மாதம் ஒரு பேச்சு, டீ, கேக். போன மாதம் ஆந்தைகளைப் பற்றி ஒருவர் பேசினார். உயிருள்ள ஆந்தையே வந்திருந்தது.

கோடை விழா என்று எல்லா ஊரிலும் போர்டு வைத்திருக்கிறார்களே, உள்ளே போகலாமா?

தாராளமாக. ‘ஃபேட்’ என்பார்கள், ஜூன், ஜூலை சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டே இருக்கும். வாசலில் ஒன்றிரண்டு பவுண்டு. கேக் கடை, பழைய புத்தகம், செடி விற்பனை, டோம்போலா. டோம்போலா என்றால் சீட்டு எடுப்பது. ஐந்திலோ பூஜ்யத்திலோ முடியும் எண் வந்தால் அதே எண் ஒட்டிய பொருள் உங்களுக்கு. நான் ஜெயித்த குளியல் உப்பு டப்பாவை அடுத்த வருடம் நானே நன்கொடையாகக் கொடுத்தேன். அது எத்தனை வருடமாக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்ததோ!

நாய்க் கண்காட்சி உண்டு. ‘வாலை அழகாக ஆட்டும் நாய்’ என்று ஒரு பரிசு, நடுவருக்குப் பயங்கர நெருக்கடி. ரப்பர் பூட்ஸ் வீசும் போட்டி உண்டு. நம்மவர்கள் நின்று பார்ப்பது தேங்காய்க் கடையில். கம்புகளின் மேல் தேங்காய்களை உட்காரவைத்து, மரப்பந்தால் அடித்துக் கீழே தள்ளினால் தேங்காய் உங்களுக்கு. என் மாமியார் வந்திருந்தபோது ஒன்றை அடித்து வீழ்த்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்ட, அவர் அதைக் காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, “தண்ணியே இல்ல, முத்தல்” என்றார். மறுநாள் சட்னிக்கு ஆனது.

நடத்துபவர்களுக்கு இது லேசான காரியம் இல்லை. பீர் விற்க வேண்டுமென்றால், பப் மாதிரி உரிமம் இல்லாத இடத்தில், தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பை உள்ளூர் கவுன்சிலுக்குப் பத்து வேலைநாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு, ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடாது. ராஃபிள் சீட்டை விழா இடத்திலேயே விற்றால் தனி அனுமதி வேண்டாம், முன்கூட்டியே வெளியில் விற்றால் விதிகள் மாறும். காப்பீடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே மழை. வானம் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பை யாரும் ஏற்க விரும்புவதில்லை, அதனால் பெரும்பாலும் மழையிலேயே நடந்துவிடும்.

காய்கறிக் கண்காட்சியில் நாமும் கலந்துகொள்ளலாமா?

கலந்துகொள்ளுங்கள், ஆனால் விதிப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படியுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும். வெங்காயம் மூன்று என்றால் மூன்று, அதுவும் ஒரே அளவில். தக்காளி காம்போடு. விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக் என்றால் நடுவில் ராஸ்பெரி ஜாம் மட்டும், கிரீம் கூடாது, மேலே தூவுவது பொடித்த சர்க்கரைகூட இல்லை, நைசான சாதாரணச் சர்க்கரை. கம்பித்தட்டின் தடம் மேலே பதிந்திருந்தால் மார்க் போகும். விதிப்படி இல்லையென்றால் நடுவர் அட்டையில் மூன்றெழுத்து எழுதிவிட்டுப் போய்விடுவார்: என்.ஏ.எஸ். ‘அட்டவணையில் கேட்டபடி இல்லை’ என்று அர்த்தம். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

இங்கே ‘சட்னி’ என்பது வேறு. பழம், வெங்காயம், வினிகர், சர்க்கரை போட்டுக் காய்ச்சிக் கண்ணாடிப் புட்டியில் இரண்டு மூன்று மாதம் ஊறவிடுவது. நான் விவரம் தெரியாமல் தக்காளித் தொக்கு வைத்தேன். நடுவர் அட்டையில் எழுதியிருந்தது: ‘சுவை அருமை. துரதிர்ஷ்டவசமாக எண்ணெய் பிரிந்துவிட்டது.’ எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கிண்டியதற்கு எனக்குக் கை வலித்தது மிச்சம். அந்த அட்டை இன்னும் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

தேவாலய மணி அடிக்கக் கற்றுத்தருவதாக நோட்டீஸ் இருக்கிறது. கிறிஸ்தவராக இருக்க வேண்டுமா?

வேண்டாம், நம்பிக்கையே இல்லாதவர்களும் அடிக்கிறார்கள். இங்கே மணியில் பாட்டு வாசிப்பதில்லை. ஒவ்வொரு மணியும் பெரிய சக்கரத்தில் முழுச் சுற்று சுற்றும், ஒரு கயிற்றுக்கு ஓர் ஆள். மணிகளின் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிக்கொண்டே போவார்கள், ஒருமுறை வந்த வரிசை திரும்ப வரக்கூடாது. கோபுரத்தில் ஆறு மணிகள் என்றால் 720 வரிசை. ஏழு என்றால் 5,040. அதை முழுக்க அடித்து முடிக்கச் சுமார் மூன்று மணி நேரம். எழுதிவைத்துப் படிப்பதில்லை, எல்லாம் மனப்பாடம். கோர்வையும் கணக்கும் தெரிந்த மிருதங்கக்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள் என்பது என் அபிப்பிராயம். கயிற்றை ஒழுங்காகப் பிடித்து விடுவதற்கே சில வாரம் பிடிக்கும். ‘விடு’ என்று சொன்னால் உடனே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கயிறு உங்களை மேலே தூக்கிவிடும்.

குடிக்காதவர்கள் பப்புக்குப் போகலாமா?

போகலாம். எலுமிச்சைச் சாறு சேர்த்த சோடா கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஞாயிறு மதியச் சாப்பாடு, வினாடி வினா இரவு, இரங்கல் கூட்டம், கிரிக்கெட் டீம் தேர்வு எல்லாம் அங்கேதான். நம்பியே இருக்கக்கூடாது என்பது மட்டும் உண்மை, பப்புகள் வேகமாக மூடப்படுகின்றன. சில ஊர்கள் விடவில்லை. கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டின் ‘ஓல்ட் கிரவுன்’ பப்பை 2003இல் ஊர்க்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். பிரிட்டனில் அப்படி வாங்கப்பட்ட ஆரம்பகாலப் பப்புகளில் அதுவும் ஒன்று. 2011ஆம் வருட உள்ளாட்சிச் சட்டத்தின்படி, ஒரு பப்பையோ கடையையோ சமூகச் சொத்து என்று முன்பே பட்டியலில் சேர்த்திருந்தால், அது விற்பனைக்கு வரும்போது பணம் திரட்ட ஊருக்குச் சில மாத அவகாசம் கிடைக்கும். ஊரார் பங்கு போட்டு நடத்தும் கடைகள் பிரிட்டனில் 300க்கும் மேல். கல்லாவில் நிற்பவர் ஓய்வுபெற்ற பேராசிரியராக இருப்பார், பத்துப் பென்ஸ் மீதி கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில்?

நவம்பர் 5 சொக்கப்பனையும் வாணவேடிக்கையும். 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறிந்த நாள் அது. பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி வருவதால் எங்கள் பையன் வெகுநாள் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தான்.

அந்த மாதம் இரண்டாம் ஞாயிறு போர் நினைவு நாள். காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம், பிறகு நினைவுக்கல்லில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். முந்நூறு பேர் இருந்த ஊரில் பதினைந்து இருபது பெயர், அதிலும் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வரும். இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் ஊரே வரும், யாரும் அழைக்க வேண்டியதில்லை. முதல் உலகப்போருக்குப் போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பிய ஊர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஐம்பத்துச் சொச்சம்தான். ‘நன்றியுள்ள கிராமங்கள்’ என்று அவற்றுக்குப் பெயர். எங்கள் பக்கத்து ராட்னி ஸ்டோக் அதில் ஒன்று.

ஜனவரி 17 ‘வாசெய்ல்’. பொங்கல் முடிந்த கையோடு வரும். 1752இல் நாட்காட்டி மாறுவதற்கு முந்தைய கணக்கில் கிறிஸ்துமஸின் பன்னிரண்டாம் இரவு. ஆப்பிள் தோப்பில் கூடி, சைடர் என்ற ஆப்பிள் மதுவில் நனைத்த ரொட்டியைக் கிளையில் வைத்து, வேரில் சைடர் ஊற்றி, பாடி, துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். கெட்டது ஓடி, நல்ல காய்ப்பு வருமாம். கார்ஹாம்ப்டன் ஊரில் நடப்பது பேர்போனது.

வேறு விசித்திரமான திருவிழாக்கள் உண்டா?

குளோஸ்டர்ஷயரில் கூப்பர்ஸ் ஹில் சரிவில் உருட்டிவிட்ட பாலாடைக்கட்டிக்குப் பின்னால் விழுந்து புரண்டு ஓடுவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கால் உடையும், அதைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் இல்லை. என்னைக் கேட்டால் டெர்பிஷயர் போங்கள். டிஸ்ஸிங்டன் ஊரில் இயேசு விண்ணேற்ற நாளை ஒட்டிக் கிணறுகளுக்கு அலங்காரம் செய்வார்கள். மரச்சட்டத்தை ஊறவைத்து, ஈரக் களிமண் அப்பி, அதில் படம் வரைந்து, பூவிதழ், பாசி, விதை, இலை என ஒவ்வொன்றாக அழுத்திப் பதிப்பார்கள். கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று, மழைத்தண்ணீர் வழிந்து ஓடிவிடும்படி. ஒரு வாரம் நிற்கும், பிறகு வாடிவிடும். ஓணத்துப் பூக்கோலத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி.

பஸ், இன்டர்நெட்?

பஸ்ஸை நம்பாதீர்கள், கார் வேண்டும். இன்டர்நெட் ஊருக்கு ஊர் மாறும். வடக்கு லங்காஷயரில் பெரிய கம்பெனிகள் வராததால் ஊர்க்காரர்களே வயலில் பள்ளம் தோண்டிக் கண்ணாடி இழைக் கேபிள் போட்டார்கள். பி4ஆர்என் என்ற அந்த அமைப்பின் வேகம் நகரங்களையே மிஞ்சியது. ஃபோன் பேச ஆளில்லாத சிவப்புச் சாவடிகளை பிரிட்டிஷ் டெலிகாம் (பி.டி.) என்ற தொலைபேசி நிறுவனம் ஒரு பவுண்டுக்கு ஊர்களிடம் கொடுத்துவிடுகிறது. பக்கத்து வெஸ்ட்பரி-சப்-மென்டிப்பில் 2009இல் அதைக் குட்டி நூலகமாக்கினார்கள். மற்ற ஊர்களில் பெரும்பாலும் இதயம் நின்றுபோனால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி இருக்கும். உங்கள் ஊரில் அது எங்கே என்று முதல் வாரமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?

இதைத்தான் எல்லோரும் தயங்கித் தயங்கிக் கடைசியில் கேட்பார்கள். முதல் ஆறு மாதம் தலையசைப்பு, வானிலை, அவ்வளவுதான். எங்களை முறைத்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். இல்லையென்று சொன்னால் பொய். மற்றவர்களுக்கு நாம் யார் என்பதைவிட, நாம் இங்கே தங்குவோமா, சனி ஞாயிறு மட்டும் வந்து போகும் ஆட்களா என்பதே கேள்வி. விடுமுறை வீடுகள் நிறைந்து, குளிர்காலத்தில் விளக்கே எரியாத ஊர்களைப் பார்த்தவர்கள் அவர்கள். அப்புறம் ஒன்று: கமிட்டிகளில் பெரும்பாலானவர்கள் நகரத்திலிருந்து வந்து குடியேறிய ஓய்வுபெற்றவர்கள். இங்கேயே பிறந்தவர்களின் பிள்ளைகளால் இங்கே வீடு வாங்க முடிவதில்லை.

சம்பளம் என்ன, வீடு என்ன விலை என்று கேட்காதீர்கள். நாயின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், அதற்குப் பிறகு ஆளின் பெயர் தானே வரும்.

எதில் முதலில் சேரலாம்?

எதிலும் சேர வேண்டாம். அடுத்த ஊர் விருந்து முடிந்ததும் கோட்டைத் தேடாமல் நாற்காலி அடுக்க நில்லுங்கள். யாராவது ஒருவர் கையில் துடைக்கும் துணியைக் கொடுப்பார், கப் கழுவும் இடத்தில் ஊர்க்கதை முழுவதும் கிடைக்கும். அடுத்த மாத இதழின் கடைசிப் பக்கத்தில் நன்றிப் பட்டியலில் உங்கள் பெயர் வரும். ஸ்பெல்லிங் தப்பாக இருக்கும். திருத்தச் சொல்லி ஆசிரியருக்கு எழுதினீர்களானால், பிழைதிருத்தும் வேலைக்கு ஓர் ஆள் தேவைப்படுவதாகப் பதில் வரும்.